சப்டைட்டில் இல்லாத பிரதி

14 பிப்ரவரி 1983, திங்கள்

மண்ணெண்ணெய் வாங்கப் போன தங்கை லோவிசாள் பதினொன்றரைக்குத்தான் திரும்பினாள். வரிசை நீளமாம். முழங்கால் வீங்கியிருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். மதியம் கத்தரிக்காய்க் குழம்பு.

நாலு மணிக்குப் பூமிநாதன் என்பவர் வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தபோது அவர் மனைவிக்கு இரண்டு பிரசவம் பார்த்திருக்கிறேன். இரண்டாவதில் குழந்தை கால் முதலில் வந்தது. அன்று நான் ஸ்வீடன் டாக்டரம்மாவோடு அவர்கள் மொழியில் பேசியதை வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறார். அதை நினைவு வைத்துத் தேடி வந்திருக்கிறார்.

அவரும் நண்பர்களும் மதுரையில் ஒரு திரைப்படச் சங்கம் நடத்துகிறார்கள். மாதம் ஒரு வெளிநாட்டுப் படம், உறுப்பினர்களுக்கு மட்டும். மார்ச் ஐந்தாம் தேதிக்கு ஒரு ஸ்வீடன் படம் கேட்டிருந்தார்கள். பெட்டி வந்து திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்து ஓடாத பிரதி. மாற்றிக் கேட்க நாள் இல்லை. கூடவே ஸ்வீடிஷ் மொழியில் தட்டச்சு செய்த வசனப் பட்டியல் ஐம்பத்தெட்டுப் பக்கம் இருக்கிறது. அதை நான் தமிழில் எழுதி, படம் ஓடும்போது மைக்கில் வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

பிறகு பெஞ்சில் சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, படம் கொஞ்சம் பெரியவர்களுக்கானது என்றார். இருநூறு வருஷத்துக்கு முந்திய பிரெஞ்சு நாவலாம். காமத்தைப் பற்றியதாம். ரொம்ப காலம் தடையில் இருந்ததாம்.

நானும் பெரியவள்தான், எனக்கு ஐம்பத்தெட்டு நடக்கிறது என்றேன்.

பட்டியலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓய்வு பெற்ற ஐந்து மாதத்தில், இது உனக்குத் தெரியுமா என்று என்னிடம் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

16 பிப்ரவரி, சாம்பல் புதன்

கோயிலுக்குப் போனோம். லெந்து காலம் தொடங்கிவிட்டது, பண்டிகை வரை நாற்பது நாள் தவம். போதகர் பொன்னையா நாவடக்கத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். தன்ராஜ் ஆர்கனில் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தார்.

லோவிசாளிடம் இன்னும் சொல்லவில்லை.

18 பிப்ரவரி, வெள்ளி

பட்டியலை ஒரு முறை முழுக்க வாசித்தேன். கதை எனக்குத் தெரிந்ததுதான். அந்த நாவலின் ஸ்வீடிஷ் பதிப்பு நான் உப்சாலாவில் தங்கியிருந்த வீட்டில் இருந்தது. பச்சை அட்டை. மேல்படிப்புக்காக மிஷன் என்னை அங்கே அனுப்பியது 1953-இல். இரண்டு வருஷம் இருந்தேன்.

மார்கரெட்டா என்ற விதவை. கணவன் செத்து ஏழு வருஷம். அவன் விட்டுப்போன நாலாயிரம் புத்தகங்களை விற்க நினைக்கிறாள். பட்டியல் போடுவதற்கு யோஹன் என்பவன் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வருகிறான். முதல் மூன்று வாரம் அவன் தலைப்பைச் சொல்ல அவள் எழுதுகிறாள். நாலாவது வாரம் ஏணியிலிருந்து இறங்குகிறவன் விழாமலிருக்க அவள் அவன் கணுக்காலைப் பிடிக்கிறாள். கையை எடுக்கவில்லை. அங்கிருந்து தொடங்குகிறது. படத்தின் பெயர் ‘வியாழக்கிழமைகள்’.

நாவலில் எல்லாம் பிரான்சில் நடக்கும். படத்தில் அதை ஸ்வீடனில் ஒரு தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நாவலில் கடைசியில் அவளைக் கன்னியர் மடத்தில் அடைத்துவிடுவார்கள். படத்தில் அந்தத் தண்டனை இல்லை. அவன் வேலை முடிந்து போகிறான், அவள் இருக்கிறாள், அவ்வளவுதான்.

பதினொரு பக்கம் தமிழில் எழுதியாயிற்று. லோவிசாள் என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். விதவை கதை என்றதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அவளுக்குக் கலியாணமாகி மூன்றாம் வருஷம் அவள் புருஷன் டைபாய்டில் போனார். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது.

“லெந்து நாளிலயா அக்கா” என்று மட்டும் கேட்டாள்.

தேதியை நான் வைக்கவில்லை என்றேன்.

21 பிப்ரவரி, திங்கள்

தண்ணீர் வரவில்லை. கிணற்றில் பத்து வாளி இறைத்தேன்.

தமிழ்தான் சிரமமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த தமிழ் மூன்று. ஆஸ்பத்திரியில் பேசுவது, கோயிலில் பேசுவது, வீட்டில் பேசுவது. ஆஸ்பத்திரித் தமிழில் எழுதினால் மார்கரெட்டா வெளிநோயாளி மாதிரி இருக்கிறாள். கோயில் தமிழில் எழுதினால் சாட்சி சொல்கிறவள் மாதிரி இருக்கிறாள். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. அதனால் அந்தத் தமிழில் வார்த்தையே இல்லை.

‘லெங்டான்’ என்று ஒரு சொல் பட்டியலில் பதினேழு இடத்தில் வருகிறது. ஏக்கம் என்று போட்டால் அழுகிற மாதிரி இருக்கிறது. ஆசை என்றால் சின்னதாக இருக்கிறது. கடைசியில் வாஞ்சை என்று எழுதினேன். கோயில் வார்த்தைதான், ஆனால் உடம்புக்கும் பொருந்துகிறது. இத்தனை வருஷம் ஜெபத்தில் சொல்லி வந்தபோது இது தோன்றவில்லை.

24 பிப்ரவரி, வியாழன்

பூமிநாதன் வந்து முப்பது பக்கத்தை வாங்கிப் பார்த்தார். நூலகத்திலிருந்து ஒரு ஸ்வீடிஷ் - ஆங்கில அகராதியும் கொண்டுவந்திருந்தார். பொறுப்பான மனிதர். யோஹன் அவளை ‘கும்மன்’ என்று கூப்பிடுகிற இடத்தில் விரலை வைத்தார். அகராதியில் கிழவி என்று போட்டிருக்கிறது, நீங்கள் ‘கண்ணு’ என்று எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டார்.

“வீட்டுக்குள்ள பொம்பளைங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க. அப்போ அதுக்கு அர்த்தம் கிழவி இல்ல” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அகராதியை மூடி வைத்தார். பிறகு அதைத் திறக்கவில்லை.

அவர் போன பிறகு ஆறு பக்கம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், பேச்சில்லாத காட்சி என்று ஒரு குறிப்பு மட்டும். நாவலில் அது ஒன்பதாம் அத்தியாயம். படத்தில் நாலு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த அத்தியாயத்தை வாசித்து முடிக்க எங்களுக்கு ஒரு டிசம்பர் முழுக்க ஆயிற்று.

26 பிப்ரவரி, சனி

எழுதி முடித்தாயிற்று. மொத்தம் எழுபத்தோரு பக்கம். அவர்களுடைய ஐம்பத்தெட்டு நம் பக்கம் வரும்போது எழுபத்தொன்று ஆகிறது.

லோவிசாள் பக்கங்களை ஒழுங்காக அடுக்கி நூல் கோத்துக் கொடுத்தாள். அடுக்கும்போது எதையும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

1 மார்ச், செவ்வாய்

ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை. பூமிநாதன் அச்சடித்த அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ‘நேரடித் தமிழாக்கம்: திருமதி எப்சிபா தேவநேசன், ஓய்வுபெற்ற மேட்ரன்’ என்று போட்டிருக்கிறது. தேவநேசன் என் அப்பா பெயர். திருமதியைச் செல்வி என்று திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் படத்துக்கு மட்டும் வெளியாட்களும் வரலாமாம். ஊரில் எங்கெல்லாம் ஒட்டினார்கள் என்று தெரியவில்லை.

3 மார்ச், வியாழன்

உரக்க வாசித்துப் பார்த்தேன். தொண்டை கட்டாமலிருக்கப் பனங்கற்கண்டு. லோவிசாள் கதவைச் சாத்திக்கொண்டு தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசிக்கும்போதெல்லாம் இயந்திரம் நின்றது.

5 மார்ச், சனி

மாடியில் உள்ள ஒரு தொழிற்சங்க அரங்கு. சாயங்காலம் ஐந்தரைக்குத் தொடக்கம். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். வழக்கமாக அறுபது பேர்தான் வருவார்களாம். பெண்கள் எட்டுப் பேரை எண்ணினேன். மூன்றாம் வரிசையில் எங்கள் கோயில் ஆர்கன் வாசிக்கும் தன்ராஜ் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

திரைக்கு இடது பக்கம் ஒரு மேசை, மைக், நீலக் காகிதம் சுற்றிய சின்ன விளக்கு, ஒரு செம்பு தண்ணீர். பூமிநாதன் பக்கத்திலேயே ஒரு டேப் ரிக்கார்டரை வைத்தார். சங்கத்து ஆவணத்துக்காம். விளக்கு அணைந்த பிறகு ஒரு பெண் கதவருகே வந்து நின்றாள். நிற்கிற விதத்தில் லோவிசாள் என்று தெரிந்தது. வர மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். முழங்காலோடு அத்தனை படி ஏறியிருக்கிறாள். யாரோ நாற்காலி கொடுத்தார்கள்.

முதல் ரீல் ஒழுங்காகப் போயிற்று. மார்கரெட்டாவுக்கும் யோஹனுக்கும் வேலைக்காரிக்கும் ஒரே குரலில்தான் வாசித்தேன். நடிக்க வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். பிரசவ அறையில் எப்படிச் சொல்வேனோ அப்படி. மூச்சை இழு, விடு, இன்னும் கொஞ்சம்.

இரண்டாவது ரீலில் ஏணிக் காட்சி. பின்வரிசையில் சிரிப்பு. யாரோ இருமினான், அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர் இருமினார்கள். மூன்றாவது ரீலில் அந்த நாலு நிமிஷம் வந்தது. அதில் வசனமே கிடையாது. அவள் கூந்தலை அவிழ்க்கிறாள். அவன் சட்டைப் பொத்தான்களைப் பார்க்காமலேயே கழற்றுகிறான். ஜன்னலில் மழை. நல்ல படம்தான். எங்கேயும் அவசரப்படவில்லை. அவள் முதுகைக் காட்டுகிறார்கள், தோளில் ஒரு மச்சம். இருவரும் சிரிக்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. நாவலில் அந்தச் சிரிப்பு கிடையாது. படம் எடுத்தவர் சேர்த்திருக்கிறார்.

அப்போது பின்னாலிருந்து ஒருவன், “மேடம், இதையும் கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க” என்றான். அரங்கு முழுக்கச் சிரித்தது. நான் மைக்கை அருகில் இழுத்தேன்.

“இங்கே பேச்சு இல்லை. பேசாமல் பாருங்கள்.”

வார்டில் பேசுகிற குரல் வந்துவிட்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் இருமவில்லை. மின்விசிறி சத்தமும் படத்து மழைச் சத்தமும் மட்டும் கேட்டன.

கடைசி ரீலில் ஒரு சிக்கல் நேர்ந்தது. வேலை முடிந்து யோஹன் கதவைச் சாத்திக்கொண்டு போவதோடு என் கையில் இருந்த பட்டியல் முடிகிறது. ஆனால் படம் முடியவில்லை. மார்கரெட்டா போய் ஜன்னலைத் திறக்கிறாள். கீழே அவன் வண்டியில் மூட்டையை ஏற்றிக்கொண்டிருக்கிறான். அவள் பேசத் தொடங்குகிறாள். என்னிடம் இருந்த தாள் வெறுமையாக இருந்தது. பூமிநாதன் என்னைப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். காதில் விழுந்ததை அப்படியே தமிழில் சொல்லத் தொடங்கினேன். எழுதாதே என்கிறாள். எழுதினால் தபால்காரனை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பேன், எனக்கு வேறு வேலை இருக்கிறது என்கிறாள். அதற்கப்புறமும் ஏதோ சொன்னாள். வரி வரியாக நினைவில்லை.

திரை இருண்டது. விளக்குப் போட்டார்கள். கைதட்டல் உடனே வரவில்லை, கொஞ்சம் கழித்து வந்தது. செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். லோவிசாளின் கையைப் பிடித்து இறக்கி ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வந்தேன். எட்டு மணிக்கு உப்புமா.

6 மார்ச், ஞாயிறு

கோயில். ஞாயிறு பள்ளியில் பதினெட்டுப் பிள்ளைகள். தன்ராஜ் இன்று தப்பில்லாமல் வாசித்தார்.

மதியம் லோவிசாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, படத்தில் ரயில் வந்ததா என்று கேட்டாள். கவனிக்கவில்லை என்றேன். இருநூறு வருஷத்துக்கு முந்திய கதை என்றுதானே சொன்னாய் என்றாள். ஆமாம் என்றேன்.

9 மார்ச், புதன்

பூமிநாதன் டேப் ரிக்கார்டரோடு வந்தார். எல்லோரும் பாராட்டினார்களாம். பட்டியலில் இல்லாத கடைசிப் பகுதியைத் தாளில் எழுதி வைத்துவிட்டால் ஆவணம் முழுமையாகிவிடும் என்றார். போட்டுக் கேட்டோம்.

முதலில் மார்கரெட்டாவின் குரல், அதன் மேல் என் குரல். தபால்காரன் வரை இரண்டும் சேர்ந்து போகின்றன. பிறகு அவள் குரல் நின்றுவிடுகிறது. இசை கொஞ்சம் வந்து அதுவும் நின்றுவிடுகிறது. புரொஜெக்டர் சத்தம் மட்டும். என் குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. ரயில் பெட்டியின் ஜன்னல் பனியில் உறைந்து இறங்கவில்லை, நீங்கள் பிளாட்பாரத்தில் நின்று ஏதோ சொன்னீர்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை, கேட்ட மாதிரி தலையாட்டினேன் என்று சொல்கிறது. ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது.

பூமிநாதன் பட்டனை அழுத்தி நிறுத்தினார்.

“படத்துல அந்தம்மா பேசி முடிச்ச பிறகும் நீங்க பேசிக்கிட்டிருக்கீங்கம்மா. நாப்பது செகண்ட் இருக்கும்” என்றார்.

“தமிழ்ல சொன்னா நீளும்” என்றேன்.

அவர் கேஸட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். ஆவணத்துக்கு எழுதியது போதும், இது உங்களிடமே இருக்கட்டும் என்றார். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. வேப்பெண்ணெய் அடிக்க வேண்டும்.

12 மார்ச், சனி

போதகர் பொன்னையா வந்தார். நாற்பது வயதுதான், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லியும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். கமிட்டிக்கு ஒரு புகார் வந்திருக்கிறது. மிஷன் குடியிருப்பில் இருந்துகொண்டு, ஞாயிறு பள்ளி நடத்துகிற ஒருவர், லெந்து காலத்தில் பொது இடத்தில் ஆபாசமான வசனங்களை மைக்கில் வாசித்தார் என்று. யார் புகார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. முதல் ரீலிலிருந்து கடைசி வரை என்னென்ன வந்தது என்று புகாரில் வரிசையாக எழுதியிருக்கிறதாம். முடியும் வரை உட்கார்ந்திருந்தவர்தான் எழுதியிருக்க முடியும்.

எங்கள் வீடு, ஓய்வு பெற்றவர்களுக்கென்று கமிட்டி ஒதுக்குகிற இரண்டு அறை. வருஷா வருஷம் ஏப்ரலில் புதுப்பிப்பார்கள்.

“அந்த மாதிரி வார்த்தையெல்லாம் மேட்ரனுக்கு எப்படித் தெரியும்னு கமிட்டியில கேக்குறாங்க. மிஷன்தானே அனுப்பிச்சுது, படிக்கத்தானே போனாங்கன்னு” என்றார் போதகர். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஆஸ்பத்திரி வேலைக்குத் தேவையான அளவுதான் எனக்கு ஸ்வீடிஷ் தெரியும், கொடுத்ததை அர்த்தம் முழுக்கப் புரியாமல் வாசித்துவிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவருடைய பையனுக்கு மஞ்சள்காமாலையாம். என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். சொன்னேன்.

17 மார்ச், வியாழன்

கடிதத்தை எழுதினேன். நாலு வரி. இதில் பெரிதாக ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். லோவிசாளுக்கு இந்த வயதில் மாடிப்படி வைத்த வீடு ஆகாது. இங்கே கிணறு வாசலிலேயே இருக்கிறது.

என் கையெழுத்து டாக்டர் கையெழுத்து மாதிரி. லோவிசாள் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தவள், முழங்காலுக்காக முன்னாலேயே ஓய்வு வாங்கிக்கொண்டாள். நல்ல தாளில் அவள் பிரதி எடுத்துத் தருவதாகப் பேச்சு.

19 மார்ச், சனி

லோவிசாள் இன்று பிரதி எடுக்க உட்கார்ந்தாள். பேனாவுக்கு மை ஊற்றினாள். தேதி போட்டாள். ‘மரியாதைக்குரிய போதகர் அவர்களுக்கு’ என்று எழுதினாள். மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

“அர்த்தம் புரியாமன்னு போட்டிருக்க.”

“போதகர் அப்படித்தான் எழுதச் சொன்னார்.”

“நான் அங்க இருந்தேன் அக்கா. புரியாமயா அப்படி வாசிச்ச?”

வீட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்காகன்னு இதுல கையெழுத்துப் போடாத” என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அந்தப் பொம்பள, ஏழு வருஷம் கழிச்சு எனக்குப் பசிக்குதுன்னு சொன்னாளே. எனக்கு இருபத்தஞ்சு வருஷம். அத ஒருத்தி மைக்கில சொல்லிக் கேட்டேன். அவ என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொன்னா.”

எழுதிய தாளை நாலாக மடித்து அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள். பிறகு அரிசியை என்னிடமிருந்து வாங்கி அவளே புடைத்தாள்.

20 மார்ச், ஞாயிறு

கோயிலுக்கு முன்னால் போதகரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். என் கையெழுத்திலேயே எழுதியது.

‘மார்ச் 5-ஆம் தேதி நான் வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். புரிந்துதான் வாசித்தேன். ஏப்ரல் மாதத்துக்குள் வீட்டை ஒழித்துத் தருகிறோம்.’

அவர் அங்கேயே படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். இதற்கு அவசியமே இல்லையே மேட்ரன் என்றார். மாலை ஆராதனைக்கு வருவீர்கள்தானே என்றும் கேட்டார். வருவேன் என்றேன்.

பையனுக்குக் கண் மஞ்சள் குறைந்திருக்கிறதாம்.

24 மார்ச், வியாழன்

ஞாயிறு பள்ளியை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி கமிட்டியிலிருந்து சீட்டு வந்தது. வருகைப் பதிவேடு, வண்ணப் படங்கள், மணி எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். மணியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். நான் சேர்க்கச் சொன்னேன்.

28 மார்ச், திங்கள்

பூமிநாதன் தல்லாகுளத்தில் ஒரு வீடு பார்த்துச் சொன்னார். தரைத்தளம். பின்பக்கம் ஒரு கொய்யா மரம். தன்னால்தான் இதெல்லாம் என்று மிகவும் வருந்தினார். பட்டியல் முழுசாக இருந்ததா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்றார். அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ரீலையும் தாளையும் சரிபார்ப்பது என் வேலை, உங்கள் தப்பு இல்லை என்றேன்.

லோவிசாள் வீட்டைப் பார்த்தாள். அடுப்பங்கரை இருட்டு என்றாள். ஆனால் சம்மதம்.

3 ஏப்ரல், உயிர்த்தெழுதல் பண்டிகை

காலை நாலரை மணி ஆராதனை. கூட்டம். எங்கள் பெஞ்சில் மட்டும் இடம் தாராளமாக இருந்தது. போதகர் மற்றவர்களுக்குப் போலவே எனக்கும் நற்கருணை கொடுத்தார்.

மூன்றாம் பாட்டின்போது தன்ராஜின் மனைவி தவமணி எழுந்து வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு என் காதருகில் குனிந்தாள்.

“அவர் எதுவும் சொல்ல மாட்டேங்கிறார். கடைசியில அவன் திரும்பி வந்தானா?”

“வரல” என்றேன்.

தவமணி நிமிர்ந்து பாட்டின் மிச்சத்தைப் பாடினாள். ஆராதனை முடியும் வரை எங்கள் பெஞ்சிலேயே இருந்தாள்.

மதியம் ஆட்டுக்கறி.

9 ஏப்ரல், சனி

வீடு மாறினோம். வண்டி பத்து மணிக்கு வந்தது. பாத்திரம் இரண்டு கோணி, புத்தகம் ஒரு டிரங்க், தையல் இயந்திரம், கட்டில் இரண்டு. வண்டிக்காரர் வெளியே சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக என் கட்டிலை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. லோவிசாள் தலைமாட்டுப் பக்கம் போய் நின்றாள். தூக்கவில்லை.

“அவர் பேர் என்ன?” என்றாள்.

இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. சொல்ல வருமா என்று சந்தேகமாக இருந்தது. வந்தது.

“ஆர்விட்.”

“என்ன வேலை?”

“அச்சகத்துல எழுத்துக் கோக்கிறவர்.”

“கோயிலுக்குப் போறவரா?”

“போக மாட்டார்.”

லோவிசாள் யோசித்தாள். “அப்போ நம்ம வீட்டுல சரிப்பட்டு வந்திருக்காது” என்றாள்.

“வந்திருக்காது.”

எத்தனை நாள் என்று கேட்டாள். ஒன்றரை வருஷம் என்றேன். நல்லவரா என்று கேட்டாள். நல்லவர் என்றேன். அதைச் சொல்லும்போது கட்டில் சட்டத்தைக் கொஞ்சம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தூக்கினோம். வாசற்படியில் கால் இடறாமலிருக்கக் கட்டிலைச் சாய்த்து, முதலில் அவள் பக்கம், பிறகு என் பக்கம் என்று இறக்கினோம். வெளியே வைத்ததும் லோவிசாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நீ திரும்பி வந்தப்போ எனக்கு இருபத்தாறு வயசு. பக்கத்துப் பாயில படுத்திருப்பேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“சொல்லியிருக்கலாம்” என்றேன்.